எழுதிய அளவும் கொடுத்த அளவும்: முற்றிய வாய்ப் புற்றுநோயில் மனைவியின் பராமரிப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

புற்றுநோய் முற்றிய நிலையில் ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு, மருத்துவர் சீட்டில் எழுதும் மருந்தளவு ஒன்றாகவும் நோயாளியின் உடலுக்குள் உண்மையில் சேரும் அளவு வேறொன்றாகவும் இருப்பது வீட்டுப் பராமரிப்பில் அடிக்கடி எதிர்ப்படும் நிலை. சீட்டுக்கும் உடலுக்கும் நடுவில் ஒருவருடைய கை இருக்கிறது. நம் ஊர்களில் பெரும்பாலும் அது மனைவியின் கை. சில வீடுகளில் கணவரின் கை. வலி தணியாதபோது நோய் வளர்ந்துவிட்டது என்றோ மருந்து போதவில்லை என்றோ முடிவுகட்டுவதற்கு முன்பு, அந்தக் கை எதற்காகத் தயங்குகிறது என்று கேட்டாக வேண்டும். இங்கே விவரிக்கப்படும் நிகழ்வில் அந்தத் தயக்கம் மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அறியாமையாகவே தோன்றும். நெருங்கிப் பார்த்தபோது அது பழிக்கு அஞ்சிய தயக்கமாக இருந்தது.

இதை எழுதுபவர் வீடுதேடிச் செல்லும் நோய்த்தணிப்புப் பராமரிப்புக் குழு ஒன்றில் மருத்துவச் சமூகப் பணியாளர். ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சமூகப் பணியாளர் என்பதே குழுவின் அமைப்பு. குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

நோயாளியும் வீடும்

நோயாளி மதுரைக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர், ஐம்பதைக் கடந்தவர், சரக்கு வேன் ஓட்டிப் பிழைத்தவர். இரவு ஓட்டங்களில் கண் அசராமலிருக்கப் புகையிலையை இடது கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இளவயதிலேயே ஒட்டிக்கொண்டது. இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் உதடும் வாய்க்குழியும் சார்ந்ததுதான். புகையிலை அடக்கும் பக்கத்து உட்கன்னத்திலேயே அது தொடங்குவதும் வழக்கம். இவருக்கும் அந்த இடத்திலேயே புண் வந்தது. புண் ஆறாமல் வாய் திறப்பதே குறைந்துபோன பிறகுதான் மருத்துவமனைக்குச் சென்றார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் அறுவைச் சிகிச்சையும், அதைத் தொடர்ந்து கதிர்வீச்சும் நடந்தன. ஓராண்டு முடிவதற்குள் கழுத்துக் கட்டிகளிலும் கன்னத்துத் தோலிலும் நோய் திரும்பியது. சில சுற்றுக் கீமோவுக்குப் பின், இனி நோயைக் கட்டுப்படுத்தும் சிகிச்சையால் பயனில்லை என்று கூறப்பட்டு, மூக்கு வழியாக உணவுக் குழாய் பொருத்தி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

மனைவி நாற்பதுகளின் நடுவில் இருப்பவர்; எட்டாம் வகுப்பு வரை படித்தவர்; இரண்டு கறவை மாடுகளை வைத்துக் காலையும் மாலையும் ஊர்ப் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுபவர். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். மகள் திருமணமாகி வெளியூரில் இருக்கிறார். கணவரின் தம்பி அடுத்த வீட்டில் குடியிருக்கிறார். காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் செலவை ஏற்றதே தவிர, உடன் தங்கியவரின் சாப்பாடு, போக்குவரத்து, இழந்த கூலி ஆகியவை குடும்பத்தின் தலையில்தான் விழுந்தன. வேன் விற்கப்பட்டது, நகை அடகுக்குப் போனது, மகளிர் குழுவில் ஒரு கடன் ஏறியது. மாடுகள் மட்டும் தப்பின.

நாங்கள் முதலில் பார்த்தபோது நோயாளியின் வாய் ஒரு விரல் நுழையும் அளவுகூடத் திறக்கவில்லை, பேச்சு புரியவில்லை. கணவனும் மனைவியும் தமக்குள் ஒரு வழியை ஏற்படுத்திக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் ஓர் எவர்சில்வர் கரண்டி இருக்கும். இரும்புக் கட்டிலின் சட்டத்தில் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர், இரண்டு தட்டினால் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், மூன்று தட்டினால் வலி. அதற்கு மேல் சொல்ல வேண்டியிருந்தால் செல்போனில் தட்டச்சு செய்து நீட்டுவார்.

மாத்திரைக் கணக்கு

மருத்துவர் எழுதியது கடும் வலிக்குத் தரும் 10 மில்லிகிராம் மார்பின் மாத்திரை: காலை 6 மணி, 10 மணி, பிற்பகல் 2 மணி, மாலை 6 மணி ஆகிய வேளைகளில் ஒவ்வொன்று, இரவு 10 மணிக்கு இரண்டு. ஆக ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம். சாதாரண மார்பின் மாத்திரையின் வேலை ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிற்கும். இரவில் இரட்டிப்பாகத் தருவது நள்ளிரவு 2 மணிக்கு நோயாளியும் பராமரிப்பவரும் எழுந்திருக்க வேண்டாம் என்பதற்காகவே. இவ்வகை மாத்திரையைப் பொடித்து நீரில் கரைத்துக் குழாய் வழியே செலுத்தலாம். மெல்ல மெல்லக் கரையும்படி தயாரிக்கப்பட்ட வகையைப் பொடிக்கவே கூடாது. உடன் மலமிளக்கும் சிரப்பும், முதல் சில நாள்களுக்குக் குமட்டலைத் தடுக்கும் மாத்திரையும் தரப்பட்டன. வலி வந்த பின் துரத்திப் பிடிப்பதை விட்டு, வருவதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கென வெளியிட்ட வழிகாட்டுதலிலிருந்து இன்றுவரை மாறாத விதி. இவையெல்லாம் மனைவிக்குச் சொல்லப்பட்டன. அவரும் திருப்பிச் சொன்னார்.

பத்து நாள் கழித்துச் சென்றபோது, வலி பத்துக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு நோயாளி எட்டு விரல்களைக் காட்டினார். அளவை இரட்டிப்பாக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. செவிலியர் அதற்கு முன் மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு வாரத்துக்கென 84 மாத்திரைகள் கொடுத்திருந்தோம். பத்து நாளில் 60 போய் 24 மீதி இருக்க வேண்டும். அட்டைகளில் 57 இருந்தன. ஆக, உள்ளே போனவை 27 மட்டுமே. நாளொன்றுக்கு மூன்றுகூட இல்லை.

இந்த எண்களின் பொருளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்த உடல் பழகியிருந்தது சுமார் 27 மில்லிகிராமுக்கு. சீட்டில் அளவு 120 ஆக உயர்த்தப்பட்டிருந்து, ஏதோ ஓர் அவசரத்தில் அவர் ஒரு மருத்துவமனை வார்டில் சேர்க்கப்பட்டிருந்தால், அங்குள்ள செவிலியர் சீட்டைப் பார்த்து 120ஐயும் தவறாமல் கொடுத்திருப்பார். பழகிய அளவைப் போல நான்கு மடங்குக்கும் மேல் ஒரே நாளில் ஏறியிருக்கும். வீட்டில் குறைத்துக் கொடுப்பது வலியை நீட்டிப்பதோடு நிற்பதில்லை. அது வெளியே தெரியாமலிருக்கும்வரை, சீட்டில் உள்ள அளவே ஆபத்தாக மாறிவிடுகிறது. மாத்திரையை எண்ணிப் பார்ப்பதைக் குடும்பத்தின் மீதான சந்தேகமாகச் சிலர் நினைக்கிறார்கள். என் பார்வையில் அது நாடி பார்ப்பதைப் போன்ற ஒரு பரிசோதனை.

செவிலியர் கேட்ட விதமும் குறிப்பிடத்தக்கது. "ஏன் கொடுக்கலை?" என்று அவர் கேட்கவில்லை. "அக்கா, இதுல எந்த நேரத்து மாத்திரை கொடுக்கத்தான் கஷ்டமா இருக்கு?" என்றார். பதில் உடனே வந்தது: "ராத்திரி ரெண்டு சேத்துக் குடுக்கத்தான் சிஸ்டர் கை வரமாட்டேங்குது." முதல் இரண்டு நாள் சொன்னபடியே கொடுத்திருக்கிறார். இரண்டாம் நாள் இரவு கணவர் அயர்ந்து தூங்கிவிட்டார். பல மாதத் தூக்கக் கடன் ஒரு பக்கம், மார்பின் தொடங்கிய சில நாள்களுக்கு இயல்பாக வரும் மயக்கம் ஒரு பக்கம். கரண்டிச் சத்தம் நின்றுபோனது. "ஒரு தட்டுகூடக் கேக்கல. விடிய விடிய மூக்குல கைய வச்சுப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்" என்றார் மனைவி. மறுநாளிலிருந்து மூன்று தட்டுக் கேட்டால் மட்டும் ஒரு மாத்திரை என்று தாமே ஒரு முறையை வகுத்துக்கொண்டார். கணவர் வலியில் தட்டுவது அவருக்கு வேதனை; தட்டாமலிருப்பது அதைவிடப் பெரிய வேதனை. உயிரோடு இருப்பதற்கு அந்தச் சத்தம்தான் அடையாளமாக இருந்தது.

அச்சம் எங்கே இருந்தது

கொழுந்தனார் சொல்லியிருந்தார்: "அது அபின்ல இருந்து எடுக்கிறது அண்ணி, முடியப்போற நேரத்துலதான் குடுப்பாங்க." இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் மார்பின் அபினிலிருந்து வருவது உண்மை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மருத்துவப் பயன்பாட்டையும் சேர்த்து இறுக்கியதில், நாட்டில் நோயாளிகளுக்குச் சேர்ந்த மார்பின் ஆண்டுக்கு ஆண்டு சரிந்து 1997இல் வெறும் 18 கிலோ அளவுக்கு வந்ததும் உண்மை. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் பயிரிட்டு வெளிநாட்டுக்கு அனுப்பிய நாட்டின் நிலைதான் இது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் மார்பினை இருப்பு வைக்க வழி எளிதாக்கப்பட்டது. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்பு இயக்கத்தின் வழியே கேரளத்தில் வீட்டுத் திண்ணைவரை இந்த மருந்து போனதைப் போல நம் மாவட்டங்களில் போகவில்லை. இங்கே பல மருத்துவர்கள் இன்றும் அதைக் கடைசி வாரத்தில்தான் எழுதுகிறார்கள். கடைசி வாரத்தில் எழுதினால் நோயாளி அடுத்த வாரம் இறப்பார். பார்க்கும் ஊரார், மாத்திரை தொடங்கினார்கள், ஆள் போய்விட்டார் என்றுதான் கணக்குப் போடுவார்கள். ஊராரின் முடிவு தவறு. ஆனால் அந்த முடிவுக்கு வேண்டிய சாட்சியத்தை உருவாக்கிக் கொடுப்பது மருத்துவத் துறையின் தாமதமே.

முறையாக அளவிட்டுத் தரும் மார்பின் ஆயுளைக் குறைப்பதில்லை என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மனைவி தலையாட்டினார். அடுத்த முறை எண்ணியபோது நிலை ஓரளவே மாறியிருந்தது. இரவு மாத்திரை இன்னும் ஒன்றாகவே இருந்தது. விளக்கம் போய்ச் சேரவேண்டிய இடம் வேறு எங்கோ இருக்கிறது என்பது அப்போது தெரிந்தது. அன்று மாலை மாட்டுக்கொட்டத்தில் அவர் தவிட்டில் புண்ணாக்குத் தண்ணீரைக் கலந்துகொண்டிருந்தபோது அருகில் நின்று பேசினேன். கையை வாளியிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "நான் குடுத்த மாத்திரையிலதான் போனாருன்னு நாளைக்கு ஒரு சொல்லு வந்துட்டா, அத நான் எங்க போய்க் கழுவுவேன் மேடம்?"

இந்த நிகழ்வின் மையம் இந்த வாக்கியம்தான். அவர் மார்பினுக்கு அஞ்சவில்லை. மார்பின் கொடுத்த மனைவி என்ற பெயருக்கு அஞ்சினார். இறக்கும் தறுவாயில் வாயில் பால் ஊற்றுவது நம் வீடுகளில் புண்ணியம். யார் ஊற்றினார்கள் என்று பெருமையாகப் பேசுவார்கள். அதே கட்டிலருகே கடைசி மாத்திரையைக் கொடுத்தவர் யார் என்பது மட்டும் விசாரணையாகிவிடுகிறது, அதுவும் நாளை விதவையாகப்போகிறவரை நோக்கி. மகனையோ தம்பியையோ அப்படி எவரும் கேட்பதில்லை. மனைவிக்குப் புற்றுநோய் வந்து கணவர் பராமரிக்கும் வீடுகளில் நான் பார்த்த தயக்கம் வேறு வகை. கருப்பைவாய்ப் புற்று முற்றிய மனைவிக்குத் துணி மாற்றவும் உடல் கழுவவும் கணவர்கள் கூசி, மகளையோ நாத்தனாரையோ கூப்பிடுவார்கள். மாத்திரையை மட்டும் சொன்ன நேரத்துக்குச் சொன்ன அளவில் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கைக்குப் பழி வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

பொறுப்பைப் பிரித்தல்

அச்சம் பழி குறித்தது என்று தெரிந்தபின், "பயப்படாதீங்க" என்ற சொல்லுக்கு வேலை இல்லை. பராமரிப்பவரிடம் நாம் அதிகம் சொல்லும் சொல்லும், பயன் மிகக் குறைவான சொல்லும் அதுவே. பொறுப்பு ஒரே தலையில் இருப்பதை மாற்றுவதுதான் தேவைப்பட்டது. பிற்பகலில் மனைவி புல் அறுக்கப் போவதால் 2 மணி மாத்திரையைக் கொழுந்தனார் கொடுக்கட்டும் என்று மருத்துவர் அவரிடமே கேட்டுக்கொண்டார். எதிர்த்துப் பேசியவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தோம். அண்ணனுக்குத் தன் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கும் இருந்திருக்கிறது. பொடித்து, கரைத்து, குழாயில் விட்டு, பிறகு வெறும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுவதுவரை செவிலியர் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். தாமே கொடுக்கத் தொடங்கிய பிறகு அபின் பேச்சு அவர் வாயிலிருந்து வரவில்லை. இரவு இரட்டை மாத்திரையின்போது முதல் சில நாள்கள் மகன் திருப்பூரிலிருந்து வீடியோ அழைப்பில் இருந்தார்.

இன்னொன்று, கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று அறிய வலிச்சத்தத்தை நம்பியிருந்த மனைவிக்கு வேறோர் அளவுகோலைக் கொடுப்பது. தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதைச் செல்போன் கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணச் சொன்னோம். அந்த எண்ணிக்கை 8 அல்லது அதற்குக் கீழே போனாலோ, கூப்பிட்டு உலுக்கியும் கண் திறக்காவிட்டாலோ அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே அழைக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் தூக்கம் தூக்கம்தான். எண்ணியதை எழுத அவரிடம் ஏற்கெனவே ஒரு நோட்டு இருந்தது. பால் கணக்கு நோட்டில் காலை எத்தனை லிட்டர், மாலை எத்தனை லிட்டர் என்று ஆண்டுக்கணக்காக ஒருநாளும் விடாமல் எழுதிவருபவர் அவர். அதன் பின்பக்கங்களில் செவிலியர் கட்டங்கள் கிழித்துக் கொடுத்தார்: நேரம், மாத்திரை, மூச்சு, கொடுத்தவர் பெயர். கடைசிக் கட்டம் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. நாங்கள் அச்சடித்து வைத்திருக்கும் படிவத்தைவிட அது நன்றாகப் பயன்பட்டது. காலை ஆறு மணி மாத்திரையும் சொசைட்டிக்குக் கிளம்பும் நேரமும் ஒன்றாக இருந்ததால் மறதிக்கும் இடமில்லை.

மூச்சு பெரும்பாலும் 14க்கும் 18க்கும் இடையில் பதிவாகியிருந்தது. இருந்தும், மீண்டும் இரட்டை மாத்திரை கொடுக்கத் தொடங்கிய முதல் இரவில் மனைவி தயங்கியபடியே நின்றிருக்கிறார். அப்போது கணவர் செல்போனை எடுத்துத் தட்டச்சு செய்து நீட்டியதை மறுமுறை எங்களுக்குக் காட்டினார்: "தூங்கத்தான் செய்யுறேன். செத்துரல. குடு." எங்கள் விளக்கங்கள் அனைத்தையும்விட அந்த மூன்று வாக்கியங்களுக்கு வலு அதிகம். நோயாளியைத் தவிர மற்ற எல்லோரையும் உட்காரவைத்து மருந்து பற்றிப் பேசும் வழக்கம் நம் வீட்டுப் பராமரிப்பிலும் மருத்துவமனையிலும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்த எண்ணிக்கையில் மாத்திரைகள் ஏறத்தாழச் சரியாக இருந்தன. நோயாளி மூன்று விரல் காட்டினார். அளவை உயர்த்தும் தேவை அப்போது எழவில்லை. பின்னர் நோய் வளர்ந்தபோது சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டது.

புண்ணும் சாப்பாடும்

வலி அடங்கிய பின்புதான் மற்றவற்றைத் தொட முடிந்தது. கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்த புண்ணின் நாற்றத்தால் நோயாளி எப்போதும் முகத்தைத் துண்டால் மூடிச் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தார். மனைவி திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுவார். அருகில் சாப்பிட்டால் கணவருக்குக் கூச்சம் என்று காரணம் சொன்னார். அது இருவருக்குமான கூச்சம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இரண்டு தேக்கரண்டி உப்பிட்டு ஆறவைத்துக் கழுவுவது, நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையை நைசாகப் பொடித்துப் புண்மேல் தூவுவது, பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துக் கொதிநீரில் அவித்து வெயிலில் காயவைத்த துணியால் மூடுவது, ஈ உட்காராமலிருக்கப் பகலிலும் கொசுவலை கட்டுவது என்பதே முறை. கட்டு மாற்றுவதற்கு அரைமணி நேரம் முன்பு ஒரு மார்பின் மாத்திரை கூடுதலாகத் தரப்பட்டது. மெட்ரோனிடசோல் பொடியின் விலை மிகக் குறைவு. அது செய்யும் வேலையோ பெரியது. சில நாள்களில் நாற்றம் வெகுவாகக் குறைந்தது. அடுத்த முறை நாங்கள் போனபோது கட்டிலின் கால்மாட்டில் தட்டை வைத்துக்கொண்டு மனைவி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கழுத்தின் பெரிய இரத்தக்குழாயை நோய் அரித்தால் திடீரெனப் பெரும் இரத்தப்போக்கு ஏற்படலாம் என்பதை மனைவியிடம் சொல்வதா வேண்டாமா என்று குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. சொல்வதென்றே முடிவாயிற்று. இரத்தத்தின் நிறம் பளிச்சென்று தெரியாதபடி அரக்கு நிறத் துண்டுகள் தலைமாட்டில் வைக்கப்பட்டன. அந்த நேரத்தில் அழுத்திப் பிடித்து அருகில் இருப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றும் சொல்லப்பட்டது. அந்த இரத்தப்போக்கு கடைசிவரை வரவில்லை. வராத ஒன்றைச் சொல்லி வீணாகக் கலங்கவைத்துவிட்டோம் என்று எவரேனும் கருதலாம். நான் அப்படிக் கருதவில்லை. சொல்லாமலிருந்து அது வந்திருந்தால் மனைவி 108ஐ அழைத்திருப்பார். மருத்துவமனைக்குத் திரும்ப மாட்டேன் என்று எழுதிக்காட்டிய மனிதர் ஆம்புலன்சில் இறந்திருப்பார்.

வலிக்கு அடுத்தபடியாக மிகுந்த போராட்டம் உணவில்தான் நடந்தது. தலையை உயர்த்தி வைத்து, வடிகட்டிய கேழ்வரகுக் கூழ், பருப்புத் தண்ணீர், பால், மோர் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 200 மில்லிலிட்டர் குழாயில் விடுவதை மனைவி மிக நேர்த்தியாகக் கற்றுக்கொண்டிருந்தார். மாத்திரையில் தயங்கிய கை கூழில் தயங்கவே இல்லை. நோய் இறுதிக் கட்டத்தை நெருங்கியபோது குடல் மந்தமாகி, விட்டது எதுக்களித்து மேலே வரத் தொடங்கியது. அப்போதும் அவர் அளவைக் குறைக்க மறுத்தார். "பட்டினி போட்டு அனுப்பிட்டான்னு ஊரு சொல்லும்" என்றார். இங்கேயும் அதே பழி, எதிர்த்திசையில். குறைத்துக் கொடுக்க வேண்டியதைக் கூட்டிக் கொடுத்தார், கூட்டிக் கொடுக்க வேண்டியதைக் குறைத்துக் கொடுத்தார் என்று பார்த்தால் முரணாகத் தெரியும். ஊர் எதை அன்பு என்கிறது, எதைக் குற்றம் என்கிறது என்ற அளவுகோலில் இரண்டும் ஒரே செயல். உடல் உணவை மறுக்கும் நிலையில் செலுத்தும் கூழ் நுரையீரலுக்குள் இறங்கி மூச்சுத்திணறலைத் தரும் என்பதை விளக்கியதோடு, நிறுத்திய வேலைக்குப் பதில் வேறு வேலைகளும் தரப்பட்டன: நனைத்த பஞ்சால் உதடுகளை அடிக்கடி ஈரப்படுத்துவது, காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி நீவிவிடுவது. கூழ் 100 மில்லிலிட்டராகி, பிறகு சில மடக்குத் தண்ணீராயிற்று.

மனைவியின் உடலை அதுவரை எவரும் கேட்கவில்லை. அவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. மாதக்கணக்கில் மாத்திரையை விட்டிருந்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர் அதே தெருவுக்கு மாதந்தோறும் வந்துகொண்டிருந்தார். இந்த வீட்டில் நோயாளி ஒருவர் என்றே அவர் குறித்திருந்தார். மனைவியின் பெயரும் பதிவாயிற்று. அமெரிக்காவில் முதிய தம்பதியரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து 1999இல் வெளியான ஓர் ஆய்வு, துணையைப் பராமரித்து மன அழுத்தத்துக்கும் ஆளானவர்களிடம், அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட இறப்பு அபாயம் 63 விழுக்காடு கூடுதல் என்று காட்டியது. அந்த எண்ணை அப்படியே உசிலம்பட்டிப் பக்கத்துக்குப் பெயர்த்துக்கொண்டு வர முடியாது; ஆனால் திசை தெரிகிறது. இவருடைய அழுத்தம் குறைந்ததற்கு அழுத்த மாத்திரை ஒரு காரணம், கணவருக்கு இரவு பத்து மணிக்குக் கொடுத்த இரட்டை மார்பின் இன்னொரு காரணம் என்பது என் கணிப்பு. நெடுநாளுக்குப் பிறகு இருவரும் ஒரே இரவில் தூங்கினார்கள்.

இறுதி நாள்கள்

கடைசி வாரத்தில் நோயாளி பெரும்பாலும் மயக்கத்தில் இருந்தார். தொண்டையில் சளி கரகரத்தது. மூச்சு சீரற்று, நின்று நின்று வந்தது. நோட்டில் மூச்சு எண்ணிக்கை முதன்முறையாக எட்டுக்கு இறங்கியது. சொன்னபடியே மனைவி மாத்திரையை நிறுத்திவைத்து அழைத்தார். மருத்துவர் வந்து பார்த்து, இது மருந்தால் வரும் மூச்சுக்குறைவு அல்ல, உடல் அடங்கும்போது வரும் மாற்றம் என்று கூறினார். கண்மணிகள் ஊசிமுனைபோலச் சுருங்கியிருக்கவில்லை, மூச்சு ஒரே சீராகக் குறையாமல் நின்று பின் வேகமாக வந்தது, புரட்டியபோது முகம் வலியால் சுளித்தது. கரகரப்புக்கு ஓர் ஊசி போட்டு ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். மார்பினை அளவு குறைத்துத் தொடரச் சொன்ன மருத்துவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பால் நோட்டை வாங்கி அன்றைய கட்டத்துக்குக் கீழே எழுதினார்: "இனி மாத்திரையைத் தொடர்ந்து கொடுக்கச் சொன்னது நான்." தேதியும் நேரமும் இட்டுக் கையெழுத்துப் போட்டார். எந்தப் பாடநூலிலும் இல்லாத சிகிச்சை இது. இந்த நிகழ்விலிருந்து மற்றக் குழுக்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

அதற்கடுத்த நாள்களில் மகனும் மகளும் வந்து சேர்ந்தார்கள். நினைவு தெளிந்திருந்த ஒரு பொழுதில் நோயாளி செல்போனில் கடைசியாகத் தட்டச்சு செய்தது "மாட்டை வித்துராத" என்பது. வீட்டிலேயே, மகன், தம்பி, மனைவி மூவரும் அருகில் இருக்க இறந்தார். துட்டி கேட்க வந்தவர்களில் ஒருவர், கடைசியாக என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று எதிர்பார்த்தபடியே கேட்டிருக்கிறார். கொழுந்தனார் பதில் சொல்லியிருக்கிறார்: "வலி மாத்திரைதான். நானும்தான் குடுத்தேன். டாக்டர் நோட்டுல எழுதிக் குடுத்திருக்காரு, பாக்குறீங்களா?" நோட்டை எவரும் கேட்கவில்லை.

இறப்புக்குப் பிந்தைய சந்திப்பில் மீதமிருந்த மார்பின் மாத்திரைகள் எண்ணப்பட்டு, கையொப்பத்துடன் திரும்பப் பெறப்பட்டன. இதைக் குடும்பத்தின் விருப்பத்துக்கு விடக்கூடாது. வீட்டில் நிகழ்ந்த இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதால் மருத்துவரின் சான்றுடன் மகன் கிராம நிர்வாக அலுவலரிடம் சென்றார். இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்தபின் குடும்ப அட்டையில் பெயர் நீக்கம், விதவை ஓய்வூதிய விண்ணப்பம், வேன் விற்ற பணத்தில் வரவேண்டிய பாக்கி ஆகியவற்றுக்கான தாள்கள் ஒவ்வொன்றாகத் தயார் செய்யப்பட்டன. மகளிர் குழுக் கடனில் சில தவணைகள் இன்னும் இருக்கின்றன. அவை பால் பணத்திலிருந்து கட்டப்பட்டுவருகின்றன.